தாடைக்கு ஒரு ஆடிட்!

கோவில்பட்டியில் பிறந்தவனால் கடலை மிட்டாயைக் கடிக்க முடியவில்லை என்றால் அது மானப் பிரச்னை! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஸார் அது. கரிசல் மண்ணுக் கடலை, வெல்லப் பாகு... கடித்தால் 'கடக்'கென்று சத்தம் கேட்கவேண்டும். எனக்கும் கேட்டது. ஆனால், சத்தம் வந்த இடம் தாடை!

மதுரைக்குக் குடிவந்த பிறகும், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் மாசாமாசம் அம்மா பொட்டலம் கொடுத்தனுப்புவாள். போனில், "இனிமே வேண்டாம்மா, வாய் வலிக்குது" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிய்யா" என்று வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் மனைவியின் புகார்: "ஏங்க, ராத்திரி பூரா பல்லை நறநறனு அரைக்கீங்க. எலி புகுந்திருச்சோனு லைட்டைப் போட்டுப் பாத்தேன்!"

பள்ளித் தோழன் ஒருவன் பல் டாக்டர். கல்லூரியில் பாடமும் எடுக்கிறான்.

"தாடியை மழிச்சிட்டு வாடே" என்றான்.

"எதுக்கு, போட்டோ எடுக்கவா?"

"ஒன் தாடையில கரண்ட் பாக்கணும்லா!"

தசை சுருங்கும்போது அதில் மெல்லிய மின்சாரம் உண்டாகும். மைக்ரோவோல்ட் கணக்கு. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு மைக்ரோவோல்ட். ஊசி கிடையாது. ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒயர் மாட்டினான். ஈ.எம்.ஜி. என்று பெயர். 1949-லேயே மோயர்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் தாடைத் தசைகளை இப்படி ஆராய்ந்து எழுதிவிட்டார்.

முதலில் கடைவாயில் பஞ்சுச் சுருளை வைத்து, "கடி!" என்றான். பிறகு வெறும் பல்லால். தோலும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் என் கடியை என் கடியோடுதான் ஒப்பிடவேண்டுமாம்.

கம்ப்யூட்டரில் இடது பக்கம் பட்டாசுச் சரம். வலது பக்கம் நமுத்துப்போன தீக்குச்சி! பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகவில்லை.

"எனக்கு என்னடே வியாதி?"

"பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டா அவன் ஆடிட்டரா? ஸ்டிக்கர் கொஞ்சம் தள்ளி ஒட்டினாலே கோடு மாறிடும். வவுச்சரைப் பாக்கணும். வாயைத் தெற!"

விரலால் தாடையை அமுக்கினான். டார்ச் அடித்தான். வலது கீழ்க் கடைவாயில் சொத்தை. ரெண்டு வருஷமாக 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று நான் தள்ளிப்போட்ட அதே பல்! வலிக்குப் பயந்து இடது பக்கமே மென்று மென்று, அந்தப் பக்கத்துத் தசை ஓவர்டைம் பார்த்திருக்கிறது. மிட்டாய் நிரபராதி!

"ராத்திரி அரைக்கிறது?"

"அதை இந்த அஞ்சு நிமிஷக் கோடு சொல்லாது. அதுக்கு ஒன் வீட்டுக்காரம்மா காதுதான் மெஷின். பகல்லயும் கடிக்கியானு பாரு. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல்லு பல்லைத் தொடக் கூடாது."

ஸார், இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன? இறுக்கி ஒட்டியிருந்தால் மானேஜரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விட்டுத் தள்ளுங்கள்!

சொத்தையை அடைத்து, ஒரு மாசம் இட்லியும் கஞ்சியுமாக ஓட்டியாயிற்று. நேற்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மிட்டாய் குடுத்தனுப்பும்மா."

"வாய் வலிக்குதுன்னியேய்யா?"

"அது மிட்டாயால இல்லம்மா. சொத்தைப் பல்லு."

"எனக்குத் தெரியும்லா! அன்னிக்கு வாங்கினது டப்பாவுல அப்படியே இருக்கு."