மூத்த தாரம் எங்கே போனாள்?

சிதம்பரம் குழந்தைத் திருமண வழக்குகள் பற்றி வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். 2022இல் சிதம்பரம் நடராசர் கோயில் அர்ச்சகர்களான தீட்சிதர்கள் சிலர் கைதானதும், அவை பொய்ப் புகார்கள், சிறுமிகளுக்கு இருவிரல் சோதனை நடந்தது என்று 2023 மே மாதம் ஆளுநர் ஆர்.என்.ரவி பேட்டி கொடுத்ததும், அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு அதை மறுத்ததும் ஊரறிந்த கதை. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அப்படியொரு சோதனை நடந்திருந்தால் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கட்டுரையாளர் அதோடு நிற்கவில்லை. தன் பாட்டி 13 வயதில் தாயானாளாம், பத்துப் பெற்றாளாம், 90 வயது வரை கல்லுக்குண்டாட்டம் இருந்தாளாம். டாக்டர்கள் இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்கிறார்.

பிழைத்த பாட்டிக்குத்தான் ஐயா பேரன் இருப்பான். 14 வயதில் பிரசவத்தில் செத்தவளுக்கு வக்காலத்து வாங்க யார் இருக்கிறார்கள்? பழைய குடும்பங்களில் தாத்தாவுக்கு இளைய தாரம் என்று ஒருத்தி இருப்பாள். மூத்தவள் என்ன ஆனாள் என்று கேட்டுப் பாருங்கள். "அவ பிள்ளை பெறப்போ போயிட்டா." அவ்வளவுதான் அவள் வரலாறு, பெயர்கூட யாருக்கும் தெரியாது. நம் பழைய சாலையோரச் சுமைதாங்கிகள் யாருக்காக நடப்பட்டவை? இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்தி, வயிற்றுச் சுமையோடு செத்தவளின் பாரம் அப்படியாவது இறங்கட்டும் என்று வைத்தார்கள். பிரசவம் அத்தனை பத்திரமாக இருந்திருந்தால் இந்த வழக்கமே எதற்கு?

வயசுக்கு வந்துவிட்டால் உடம்பு தயாராம். பூப்படைந்த பிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் வளர்கிறது. வளர்ந்து முடியாத இடுப்பில் குழந்தையின் தலை சிக்கினால் நாள்கணக்கில் வலி. சிறுநீர்ப்பையில் துளை விழுந்து ஆயுசுக்கும் சிறுநீர் கசிய வாழ்கிற பெண்கள் உலகில் இன்றும் உண்டு. ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். தானே வளர்ந்துகொண்டிருக்கிற, ஏற்கெனவே ரத்தசோகையுள்ள பெண் அதற்கு எங்கே போவாள்? குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, தாய்க்கு வலிப்பு, கருப்பைத் தொற்று: 20–24 வயதுத் தாய்மாரைவிடப் பதின்வயதுத் தாய்மாருக்கு இந்த ஆபத்துகள் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

தீட்சிதர்களான எங்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்ற கேள்வியும் கட்டுரையில் இருக்கிறது. மற்றவர்களும் செய்கிறார்கள் என்பது வாஸ்தவம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. எல்லோரையும் பிடியுங்கள் என்று கேட்டால் நியாயம். எங்களை விடுங்கள் என்பது என்ன நியாயம்?

கடைசியாக, இப்போதுதான் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்கிறார். யாருக்கு இருக்கிறது? கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். ஃபோலிக் அமில மாத்திரையை அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 16 வயதுப் பெண்ணுக்கு அதை யார் கொடுத்தார்கள்? கர்ப்பத்தை அரசிடம் பதிந்து தரும் பிக்மி எண்ணுக்காக வரும் கிராம சுகாதாரச் செவிலியர் முதலில் வயதைக் கேட்பார். 18க்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்தே வீட்டார் அவளை மறைக்கிறார்கள். ஸ்கேன் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. வலி எடுத்த பிறகு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் அவளுக்கில்லை. அதற்கு 19 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.