சின்ன வேலையைத் தடுக்காதீர்கள்

2019 செப்டம்பர் 1 அன்று சங்கரன்கோவிலில் அரசுப் பணிக்கான குரூப்-4 தேர்வு எழுதிவிட்டுச் சிவகிரிக்குப் பேருந்து ஏறினேன். அப்போது எனக்கு வயது 25. அடுத்த குரூப்-4 தேர்வு 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது. நடுவில் கொரோனா. அந்தத் தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்று வந்தது. இந்த மூன்றரை ஆண்டுகளையும் ஊரில் இருந்தே கழித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2022 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். முதலில் 7,301 என்று அறிவித்த இடங்கள் பிறகு 10,117 ஆகின. அப்படியும் ஓர் இடத்துக்குச் சுமார் 180 பேர். மீதி 179 பேரும் படிக்காமலா போய் உட்கார்ந்தார்கள்? ஆனால் தெருவில் நம்மைப் பார்த்ததும், "இன்னுங் கொஞ்சம் முட்டிப் படிச்சிருக்கலாம்லா" என்றுதான் சொல்வார்கள்.

முதல் இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மனம் தளராதே என்று பேசும் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். பார்த்து முடித்த ஒரு மணி நேரம் தெம்பாக இருக்கும்; அப்புறம் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். பகலில் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். கேள்வி கேட்பார்களே என்று இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன்.

2021 கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும், காலை 7 மணியிலிருந்து 11 மணி வரைதான் வேலை என்றார். அப்பா கொதித்துப்போனார். "மூடைக்குப் பக்கத்துல நின்னு கணக்கு எழுதவால ஒன்னைப் படிக்க வச்சேன்?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாதான் சமாதானம் செய்து அனுப்பிவைத்தாள்.

விவசாயிகள் மூடையை அவிழ்த்துத் தரையில் கொட்டுவார்கள். பெருங்காய், சிறுகாய், பழுத்தது, தழும்பு விழுந்தது என்று பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். எடை போட்டு, விலை பேசி, கமிஷன், கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து நான் சிட்டை எழுத வேண்டும். சிந்தாமணிப் பக்கமிருந்து வரும் பெரியவர் ஒருவர் சிட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்ப்பார். "சரியா இருக்கு தம்பி" என்று மடித்து மடியில் செருகிக்கொள்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே மறுநாளும் போகலாம் போலிருக்கும். இரண்டு வருடமாக என்னிடம் யாரும் சரியாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

படிக்கிற நேரம் போகாதா என்று கேட்பீர்கள். நான்கு மணி நேரம் போகத்தான் செய்தது. பேருந்தில் போக வர ஆகும் நேரம் தனி. ஆனால் வீட்டில் இருந்தபோது அந்த நேரம் படுக்கையிலும் செல்போனிலும்தான் கழிந்தது. மதியம் நூலகத்தில் புத்தகத்தைத் திறந்தால் விரலில் எலுமிச்சை வாசம் இருக்கும். ஆனால் மனம் புத்தகத்தில் நிற்கும். குரூப்-4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவு. அதில் வரும் சதவீதக் கணக்கைத்தான் தினமும் கடையில் போட்டுக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் முதலாளியிடம் சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டேன்; தேர்வு முடிந்ததும் திரும்பப் போனேன்.

2022 தேர்வில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையில் நிற்க வேண்டும் என்பதால் எழுந்தேன். வேறு எந்தக் காரணமும் அன்று என்னை எழுப்பியிருக்காது.

சில மாதம் கழித்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் நேர்காணல். "படிப்பு முடிஞ்சு இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். கமிஷன் கடைக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாதிரிக் கணக்கைக் கொடுத்து அங்கேயே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இப்போது அங்கேதான் வேலை.

சின்ன வேலை தரும் சொந்தக் காசுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் மூன்று ஆண்டு கிடைக்கும். தேர்வு விண்ணப்பம், போட்டோ, ஜெராக்ஸ், பேருந்துக் கட்டணம் என்று பார்த்தால் அது எந்த மூலைக்கு? கையில் சொந்தமாக நூறு ரூபாய் இருப்பவன் வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிடுவான். பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். எங்கள் தெருவில் பி.எட். முடித்த ஒரு தங்கச்சி டியூஷன் எடுக்கக் கிளம்பியபோது, மாப்பிள்ளை வீட்டார் குறைவாக நினைப்பார்கள் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் இன்றும் வீட்டில்தான் இருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு வந்து, "ஒரு கடையில கணக்கு எழுதப் போறேன்" என்று சொன்னால், படித்த படிப்பை எடுத்துச் சொல்லித் தடுக்காதீர்கள். தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவையுங்கள்.