முதல் வாரமே வந்துவிடுங்கள்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் சற்று நேரம் நின்றால் போதும், நாலாபுறமும் தமிழ் கேட்கும். தங்குவிடுதிகளிலிருந்து குளித்துக் கிளம்பி வரும் தம்பிமார்கள், நியூட்டனில் ரயில் மாறி லிட்டில் இந்தியா போவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தேக்காவில் சாப்பிட வேண்டும், நண்பர்களைப் பார்க்க வேண்டும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரமென்றால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். டிக்கெட் கிடைத்ததா, எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி என்று ஒரே பரபரப்பு. பக்கத்து வீவக வீடுகளில் இருக்கும் நம் குடும்பங்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்லர்.

அந்த ஆர்வத்தில் கொஞ்சத்தை நம் ஊரிலேயே எடுக்கப்படும் தமிழ்ப் படங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

2008-ஆம் ஆண்டு எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கேன் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான முதல் சிங்கப்பூர்ப் படம் அது. அதில் பேசும் மொழி பெரும்பாலும் தமிழ். குடியில் விழுந்த ஒரு முன்னாள் மந்திரவித்தைக்காரர், தன் சிறு மகனின் மதிப்பைத் திரும்பப் பெற மறுபடி வித்தை காட்ட வருகிறார். அந்த வேடத்தில் நடித்த போஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலும் மந்திரவித்தைக் கலைஞர். கண்ணாடியை மென்று விழுங்கும் இடத்தில் அந்தப் பெரிய உடம்பையும் அடிபட்ட பார்வையையும் பாருங்கள். வலியைப் பொறுப்பது அந்த மனிதருக்குப் பிழைப்பு. பிள்ளைக்காக அதையும் செய்கிறார். அந்த ஆண்டு ஆஸ்கர் விருதின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்குச் சிங்கப்பூர் அனுப்பி வைத்ததும் இந்தப் படத்தைத்தான்.

அடுத்து கே. ராஜகோபால். நம்மிடையே வாழும் இயக்குநர். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-இல் ஏழு இயக்குநர்கள் சேர்ந்து உருவாக்கிய '7 லெட்டர்ஸ்' தொகுப்பில் 'தி ஃபிளேம்' அவருடைய பகுதி. பிரிட்டிஷ் படைகள் விலகும் காலத்தில், இங்கிலாந்துக்குப் போய்விடுவதா இங்கேயே இருந்துவிடுவதா என்று ஓர் இந்தியக் குடும்பத்துக்குள் எழும் போராட்டம் அது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தாக்கள் உள்ள குடும்பங்கள் நம் வடக்கு வட்டாரத்தில் நிறைய உண்டு. அவர்கள் வீட்டிலும் இதே கேள்வி ஒருநாள் எழுந்திருக்கும்.

மறு ஆண்டே அவருடைய முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' கேன் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வெளியே வரும் சிவா, தாயிடம் மன்னிப்புக் கிடைக்காமல், பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி அலைகிறான். சீனர் இறுதி ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கும் வேலைக்கும் போகிறான். சிவாவாக நம்மூர் நடிகர் சிவகுமார் பாலகிருஷ்ணன். தாயாக 'பண்டிட் குயின்' படத்தில் பூலன் தேவியாக நடித்த சீமா பிஸ்வாஸ். சட்டையில் வியர்வையோடு புளோக்குகளுக்கு இடையே நடக்கும் சிவாவுக்கு ஆறுதல் வசனமோ பாட்டோ எதுவும் கிடையாது. பார்க்கக் கஷ்டமான படம்தான். ஆனால் பளபளப்பான சிங்கப்பூருக்குள் தோற்றுப்போன ஒரு தமிழனை இவ்வளவு நெருக்கமாக வேறு எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

'மை மேஜிக்', 'எ யெல்லோ பேர்ட்' ஆகிய இரண்டு படங்களையும் பற்றிக் கேட்டால், "பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்க்கவில்லை" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எங்கோ பிரான்சில் மதிக்கப்பட்ட நம் படத்தை நாமே பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

திரையரங்கின் கணக்கு எளிமையானது. முதல் சில நாட்களில் எத்தனை இருக்கைகள் நிரம்பின என்று பார்க்கிறார்கள். குறைவென்றால் அடுத்த வாரம் காட்சிகளைக் குறைப்பார்கள், அல்லது யாருக்கும் வசதிப்படாத நேரத்துக்குத் தள்ளுவார்கள். பிறகு படம் போய்விடும். பெரிய படத்துக்கு விளம்பரம் உண்டு, பாடல்கள் உண்டு, ரசிகர் மன்றம் உண்டு. உள்ளூர்ப் படம் பார்த்தவர் வாய்வார்த்தையை நம்பியே ஓட வேண்டும். அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவ இரண்டு வாரமாவது பிடிக்கும். அதுவரை படம் தாக்குப்பிடிப்பது முதல் வாரம் வருபவர்களால்தான்.

இப்போது திரைகளும் குறைந்து வருகின்றன. 2025 ஆகஸ்டில் 'தி புரொஜெக்டர்' மூடப்பட்டது. சிறிய படங்களுக்கும் உள்ளூர்ப் படங்களுக்கும் தாய்வீடாக இருந்த அரங்கு அது. செப்டம்பர் தொடக்கத்தில் கேத்தே திரையரங்குகளும் மூடப்பட்டன. கிராஞ்சியிலிருந்து இரண்டே நிலையம் தள்ளி, உட்லண்ட்ஸ் காஸ்வே பாயிண்டில் இருந்த அதன் அரங்கும் அவற்றில் ஒன்று. திரைகள் குறையக் குறைய, கூட்டம் சேராத படத்துக்கு இடம் கேட்பது இன்னும் கடினமாகும்.

நம்மவர்களுக்கு இந்த ஊர் சினிமாவில் இடம் புதிதாகக் கிடைத்ததன்று. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிக தூரமில்லாத ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனம் மலாய்ப் படங்கள் எடுத்த காலத்தில், பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞரை நாயகனாக்கிய அந்த இயக்குநர் ஒரு தமிழர். அவ்வளவு பழைய உரிமை நமக்கு இங்கே உண்டு.

"சோகப் படத்துக்கு எதற்குக் காசு, டிவியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். வாரம் முழுக்க உழைத்தவருக்குச் சிரிக்கத் தோன்றுவது நியாயமே. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் கேட்கிறேன். நம் புளோக்கு, நம் பேச்சு, நம் வீட்டுச் சண்டை, நாம் வெளியே சொல்லாத துயரம் ஆகியவற்றைத் திரையில் பார்க்கும் வாய்ப்பு இந்தப் படங்களில்தான் கிடைக்கிறது. சென்னையில் எடுக்கும் படத்துக்கு அந்தக் கடமை இல்லை.

ஆகவே, அடுத்த உள்ளூர்த் தமிழ்ப் படம் எந்த அரங்கில் வந்தாலும், திரையிடும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே இந்த இதழில் தருவோம். பார்த்துவிட்டு நீங்கள் எழுதும் விமர்சனத்துக்குப் பக்கம் ஒதுக்குவோம். பிடிக்கவில்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள். இயக்குநருக்கு அதுவும் வேண்டும். உங்கள் பங்குக்கு, முதல் ஞாயிறு முடிவதற்குள் டிக்கெட் எடுங்கள். விடுதி நண்பர் ஒருவரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் கதையை எடுக்க ஒருவர் துணிந்தால், பார்க்க நாம் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்