முயலுக்குக் கேரட்டா? புல்லைப் போடுங்க!

கார்ட்டூன்ல முயல் கேரட் கடிக்கிறதைப் பார்த்துட்டு, வீட்டு முயலுக்குத் தினமும் கேரட்டும் பிஸ்கட்டுமா ஊட்டுறீங்களே, பட்டணத்து மக்களே, இதுக்குப் பேரு பாசமா? "ஆசையாத் திங்குதே"ன்னு சொல்வீங்க. பிள்ளையும் மிட்டாயைத்தான் ஆசையாத் திங்கும்!

முயலோட பல்லு ஆயுசு முழுக்க வளரும். நாள் முழுக்கப் புல்லை மென்னாத்தான் தேயும். நார் இல்லைன்னா குடலும் ஓடாது. தீனி அரைநாள் நின்னாலே உயிருக்கு ஆபத்து. அதனால முக்கால் பங்குக்கு மேல புல்லும் காய்ஞ்ச புல்லும்தான் இருக்கணும். அருகம்புல் போடுங்க, கொத்தமல்லித்தழை கொஞ்சம் சேருங்க. கேரட் என்னிக்காவது ஒரு சின்னத் துண்டு போதும். குதிரைமசால் குட்டிக்குச் சரி. வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டா சுண்ணாம்புச்சத்து கூடிப்போகும். மருந்தடிச்ச புல் வேண்டவே வேண்டாம்.

தினமும் புல்லுக்கு வழி இல்லையா? முயலே வாங்காதீங்க.