பத்தாவது கேள்வியை யார் கேட்பது?



புத்தளம் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. நான்கு பக்கக் கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

“1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது நான் நாற்பது நாள் குழந்தை. உம்மா என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு படகில் கற்பிட்டிக்கு வந்தாவாம். இன்றும் நள்ளிரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறா. உம்மாவைப் போல எத்தனையோ பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறார்கள். நான் உயர்தரம் சித்தியடைந்தவள். மூன்று பிள்ளைகள். கணவர் லொறி ஓட்டுகிறார். ‘வீட்டிலிருந்தவாறே ஆறு மாதத்தில் உளவளத்துணையாளர் ஆகலாம்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணத்துக்கு என் காப்பு ஒன்றை அடகு வைக்க நினைக்கிறேன். சேரலாமா?”

இந்தச் சகோதரிக்கு ‘சேருங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரு வரியில் பதில் எழுதிவிட முடியும். ஆனால் அதற்கு முன்பு என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதாத கதை அது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் கிழக்குக் கரையை அழித்துவிட்டுப் போனபோது நான் பாடசாலை ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பாடசாலையே அகதி முகாம் ஆனது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அவர்களிடம் போய், ‘அழாதீங்க, ஸபூர் செய்ங்க’ என்று சொல்வோம். வேறு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியாது. அந்த இயலாமைதான் மறுவருடம் என்னைத் தொலைக்கல்வி மூலம் உளவளத்துணை டிப்ளோமா ஒன்றில் சேர வைத்தது.

தபாலில் புத்தகங்கள் வரும். பிள்ளைகள் தூங்கிய பின் குசினி மேசையில் வைத்துப் படிப்பேன். ஒப்படைகளை எழுதி அனுப்புவேன். திருத்தி, புள்ளி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு ஓர் இரவுகூட வெளியில் தங்க முடியாத எனக்கு அது பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

பாக்கியம்தான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தொலைக்கல்வி நேற்று முளைத்த ஒன்றல்ல. 1840ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பித்தார். 1969இல் பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நமது நாட்டில் 1980இல் நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. திருமணத்தோடு புத்தகத்தை மூடிய எத்தனையோ பெண்கள் இந்த வழியாகத்தான் மீண்டும் புத்தகத்தைத் திறந்தார்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு வந்தபோது வகுப்பறையே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து படிப்பதை யாரும் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

என் புத்தகங்களில் ஒன்றில், பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வு பற்றிய அத்தியாயம் இருந்தது. உலகளவில் பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு ஏறத்தாழ 13 பேர் ஒரு மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம்மைப் போன்ற வளர்முக நாடுகளில் இது இன்னும் அதிகம். இதைக் கண்டறிய 1987ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் ஒரு கேள்விக்கொத்து வெளியிடப்பட்டது. எடின்பரோ அளவுகோல் என்பது அதன் பெயர். மொத்தம் 10 கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமின்றிப் பயம் வருகிறதா, கவலையால் நித்திரை கெடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகும். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது.

அந்த அத்தியாயத்துக்கான ஒப்படையில் எனக்கு 78 புள்ளிகள் கிடைத்தன. ‘மிக நன்று’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். நான் அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

மூன்று மாதம் கழிந்திருக்கும். பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி அஸருக்குப் பின் வந்தாள். ஐந்து மாதக் குழந்தை இடுப்பில். மாப்பிள்ளை கட்டாரில். நான் ‘கவுன்சலிங்’ படிக்கிறேன் என்று ஊருக்குள் பேச்சு பரவியிருந்த காலம் அது.

“ராத்தா, நித்திர வருகுதில்ல. புள்ள தூங்கினாலும் எனக்கு வருகுதில்ல. விடிஞ்சா, ஏன் விடிஞ்ச எண்டு கிடக்கு. உம்மாக்கிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நிமிடத்தில் ஐந்து அறிவுரை சொன்னேன். சுடுபால் குடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளையை நினைத்துக் கவலைப்படாதே என்றேன். அவள் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை! எத்தனை பேருக்குப் பிள்ளையே இல்லை, உனக்கு அல்லாஹ் தந்திருக்கிறான் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று மாலையே வேலியோரம் அவளுடைய உம்மாவைக் கண்டு, “மகளக் கொஞ்சம் பாத்துக்கங்க, சும்மா யோசிச்சிட்டுத் திரியிறா” என்று சொல்லியும் விட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். உம்மா வீட்டுக்குப் போய் அவளை ஏசியிருக்கிறா.

ஒன்பதாம் நாள் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள்.

அல்ஹம்துலில்லாஹ், காப்பாற்றப்பட்டாள். வாட்டில் இருந்துவிட்டு, பின்னர் மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்று, சில மாதங்களில் தேறினாள். அன்று அவள் இடுப்பிலிருந்த பிள்ளை இப்போது உயர்தரப் பரீட்சையும் எழுதிவிட்டது. அவள் என்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த 78 புள்ளித் தாளை அதன் பிறகு என்னால் யாருக்கும் காட்ட முடியவில்லை.

சகோதரிகளே, எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. பத்தாவது கேள்வியை மனப்பாடமாக எழுதியவள் நான். ஆனால் அந்தக் கேள்விக்குரிய பெண் என் வாசலில் வந்து நின்றபோது அதைக் கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம். அது தவறான பயம். தற்கொலை எண்ணம் உண்டா என்று அன்போடும் நேராகவும் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறப்பதில்லை. மாறாக, மூடி வைத்த பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. இதுவும் என் புத்தகத்தில் இருந்த விடயம்தான்.

புத்தகத்துக்கும் நாக்குக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத் தபால் கடக்காது. இணையமும் தானாகக் கடக்காது. பழக்கம்தான் கடக்கும். அதுவும் தெரிந்தவர் ஒருவரின் கண்பார்வையில் பழகும் பழக்கம்.

அவ்வருட இறுதியில் எங்கள் பாடநெறியில் நேர்முகப் பயிற்சி தொடங்கியது. வார இறுதிகளில் மாணவர்களை மூவர் மூவராக உட்கார வைப்பார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கவனிப்பார். பயிற்சியளித்தவர் ஓய்வுபெற்ற தாதி. என் முறை முடிந்ததும் அவர் சொன்னார்: “டீச்சர், மூன்று நிமிடத்தில் ஏழு தடவை மறித்துப் பேசினீர்கள்.” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பக்கத்து வளவுப் பெண்தான் கண்ணுக்குள் நின்றாள். அவளை நான் எத்தனை தடவை மறித்திருப்பேன்?

ஆலோசனை இயலில் கார்ல் ரொஜர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1957இல் எழுதிய கட்டுரையொன்று இன்றளவும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. உதவி தேடி வருபவரின் நிலையில் நின்று உணர்தல், அவரை நிபந்தனையின்றி மதித்தல், தான் போலியாக இல்லாமல் இருத்தல். ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக அவர் முக்கியமாகச் சொன்னவை இந்த மூன்றும்தான். அறிவுரை சொல்வது இதில் எங்கே இருக்கிறது?

இதனால்தான் தராதரம் பேணும் நாடுகளில் வீட்டிலிருந்து படிப்பவரையும் ஆட்களோடு பழக வைக்காமல் விடுவதில்லை. அமெரிக்காவில் ஆலோசகர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் சபை, முதுமாணிப் பாடநெறி முழுவதும் இணையத்தில் நடந்தாலும், முதலில் 100 மணித்தியாலமும் பின்னர் 600 மணித்தியாலமும் மேற்பார்வையின் கீழ்ச் செய்முறைப் பயிற்சி வேண்டும் என்கிறது. அவற்றில் முறையே 40 மணித்தியாலமும் 240 மணித்தியாலமும் உண்மையாகவே உதவி நாடி வருவோருடன் கழிய வேண்டும். ஆறு மாதத்தில், ஓர் ஆளைக்கூடக் காணாமல் ஒருவர் உளவளத்துணையாளர் ஆகிவிடலாம் என்ற விளம்பரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே, புத்தளத்துச் சகோதரியே, காப்பை அடகு வைக்கும் முன்பு அந்த நிறுவனத்திடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதலாவது, நிறுவனம் எங்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது? தொழிற்பயிற்சி என்றால் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு உண்டா? பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா?

இரண்டாவது, செய்முறைப் பயிற்சி எத்தனை மணித்தியாலம்? எங்கே? உங்கள் ஊரிலிருந்து பெண்கள் போய்வரக் கூடிய தூரமா?

மூன்றாவது, உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? அவருடைய தகைமை என்ன? ஒரு தாயின் கண்ணீரைக் கேட்டுவிட்டு இரவில் உங்களுக்கே நித்திரை வராவிட்டால் மறுநாள் அவரிடம் பேச முடியுமா?

நான்காவது, பாடம் தமிழில் உண்டா? மனத்தின் நோவை நம் பெண்கள் தம் பேச்சில்தான் சொல்வார்கள். ‘நெஞ்சு அடைக்குது’, ‘கைகால் விறைக்குது’ என்று வரும் வார்த்தைகளுக்குள் என்ன இருக்கிறதென்று ஆங்கிலப் புத்தகம் மட்டும் சொல்லித் தராது.

இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஆறு மாதம் இரண்டு வருடமானாலும் பரவாயில்லை. தமிழ் பேசும், நமது வீட்டு வழக்கம் அறிந்த பெண் உளவளத்துணையாளர்கள் நமக்கு மிகவும் தேவை. பதில் வராவிட்டால் காப்பு கையிலேயே இருக்கட்டும்.

படித்து முடித்த பின்பும் இரண்டை மறக்காதீர்கள். ஒன்று, உங்களிடம் சொல்லப்பட்டது அமானிதம். உயிருக்கு ஆபத்து என்றால் மாத்திரமே, அதுவும் முடிந்தவரை அவருக்குச் சொல்லிவிட்டே, உதவக்கூடிய ஒருவரிடம் அதைக் கொண்டு போகலாம். நான் வேலியோரத்தில் செய்தது அதுவல்ல. மற்றது, உளவளத்துணையாளர் வைத்தியர் அல்ல. மருந்து தேவைப்படும் நோயும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர், வைத்தியசாலையின் மனநலப் பிரிவு ஆகியோரின் தொடர்பை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும் சகோதரிகளில் யாருக்காவது அந்தப் பெண்ணைப் போல ‘ஏன் விடிகிறது’ என்று தோன்றினால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இதற்காகவே இருக்கிறது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் மனம் விட்டுப் பேச இடம் தருகிறது. தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் குற்றமல்ல. ஆகவே பொலிஸ் வருமோ என்று பயந்து யாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு போகாமல் இருக்காதீர்கள்.

சகோதரியே, இறுதியாக ஒன்று. பாடநெறி தொடங்குமுன் உங்கள் முதல் பயிற்சியை இன்றிரவே வீட்டில் தொடங்கலாம். உம்மா எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கும்போது, ‘படுங்க உம்மா, கதவு பூட்டித்தான் இருக்கு’ என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தப் படகைப் பற்றி உம்மா பேச விரும்பினால், மறிக்காமல் கேளுங்கள். பேசாவிட்டாலும் பக்கத்தில் இருங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.