கண்ணாடிப் பேழைக்குள் ஹிரோஷிமா

'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்னும் சொற்றொடரைப் பட்டம்போல் சூடிக்கொள்ளும் புகைப்பட நூல்களின் மீது எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அதை ஒரு நூலை முன்வைத்துப் பேசுவதே முறை. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கிகுஜி கவாடாவின் 'சிஸு' அந்நூல். அச்சொல்லுக்கு வரைபடம் என்பது பொருள்.

அணுகுண்டு வீச்சின் இருபதாம் ஆண்டு நாளான 1965 ஆகஸ்ட் 6 அன்று அது வெளியானது. ஹிரோஷிமாவில் சிதைந்து நின்ற குவிமாடக் கட்டடத்தின் சுவர்களிலும் கூரையிலும் படிந்த கறைகளைக் கவாடா படமெடுத்தார். அவற்றினூடே தற்கொலைப்படை விமானிகளின் நினைவுப் பொருட்கள், கசங்கிய தேசியக்கொடி, அமெரிக்க சிகரெட் உறை, கோகோ கோலா புட்டிகள். ஒரு தேசத்தின் தோல்வியும் அதைத் தொடர்ந்து வந்த நுகர்வும் ஒரே கருமையில் கரைந்து கிடக்கின்றன. கென்சாபுரோ ஓயே உரை எழுத, கோஹெய் சுகியுரா வடிவமைத்தார். பக்கங்கள் உள்நோக்கி மடிக்கப்பட்டவை. வாசகன் தன் கையால் இருபுறமும் விரித்தால்தான் உள்ளே உறையும் படம் வெளிப்படும். புண்ணின் கட்டைப் பிரிப்பதற்கு நிகரான செயல் அது. தொடாமல் இந்நூலை வாசிக்க இயலாது.

அந்த முதற்பதிப்பு இன்று ஏலக்கூடங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் உரிய பண்டம். 2005-லும் 2014-லும் வந்த மறுபதிப்புகளும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டே வந்தன. கைபட்டால் மடிப்பு தளரும், மடிப்பு தளர்ந்தால் விலை சரியும். ஆகவே, விரிப்பதற்கென்றே மடிக்கப்பட்ட பக்கங்கள் விரிக்கப்படாமலே பூதம் காத்த புதையலாய்க் கிடக்கின்றன. ஹிரோஷிமாவின் நினைவு உலகின் பொதுச்சொத்து என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்நினைவைச் சுமக்கும் நூலை வாங்கக்கூடியவனின் அலமாரிக்கு மட்டும் உரியதாக்குவது எந்த அறத்தில் சேரும்?

பிரதிகளுக்கு எண்ணிடும் வழக்கம் செப்புத்தகட்டு ஓவியங்களிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நியாயம் இருந்தது. ஒவ்வொரு அச்சுக்கும் தகடு தேயும், கோடு மழுங்கும், ஒரு கட்டத்துக்குமேல் ஓவியனே நிறுத்தியாக வேண்டும். புகைப்பட நெகடிவுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. எண்ணற்ற பிரதிகளுக்கு இடம் தரும் கலையில் 'அசல் பிரதி' என்ற கேள்வியே பொருளிழக்கிறது என்பதை வால்டர் பெஞ்சமின் 1936-லேயே விளக்கிவிட்டார். ஆஃப்செட் அச்சிலும் பெருஞ்செலவு முதல் நல்ல தாள் வெளிவருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிரதிகள் கூடக்கூட ஒன்றின் அடக்கவிலை குறைகிறது. ஆக, முந்நூறோடு நிறுத்துவது பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் கட்டாயமல்ல, சந்தையின் தந்திரம். தேயாத தகட்டைத் தேய்ந்ததாக நடிக்கிறார்கள்.

கைவேலை மிகுந்த நூலை மலிவாகத் தர முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சுகியுராவின் மடிப்புகளுக்கு உழைப்பு வேண்டும், உழைப்புக்குக் கூலி வேண்டும். எங்கள் வழக்கு விலையோடு அல்ல. இனி அச்சிடவே மாட்டோம் என்று செய்துகொள்ளும் சபதத்தோடு. அச்சபதம் கலைஞனை வாழவைக்கிறது என்பதும் பாதி உண்மையே. முதல் விற்பனையில் அவனுக்கு ஏதோ கிடைக்கிறது. பின்னர் ஏலத்தில் நூலின் விலை பன்மடங்கு ஏறும்போது, அந்த ஏற்றம் விற்றவனின் பைக்குத்தான் போகிறது.

பரவலான பதிப்பு கலையின் மதிப்பைக் குலைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' போதிய விடை. 83 படங்கள் கொண்ட அந்நூல் 1958-இல் பாரிஸிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளியாகி, பல பதிப்புகள் கண்டது. சாதாரணப் பிரதிகளைப் புரட்டியே தலைமுறைகள் புகைப்படம் கற்றன. அதனால் முதற்பதிப்பின் மதிப்பு குன்றிவிடவில்லை.

கவாடாவின் நூலுக்கும் ஒரு திறப்பு நேர்ந்தது. அவர் உருவாக்கிய மாதிரி நூல் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதை அடியொற்றி லண்டனின் மேக் பதிப்பகம் 2021-இல் இரு தொகுதிகளை வெளியிட்டது. இதற்கு வழிசெய்தது தனியார் பெட்டகம் அல்ல, ஒரு பொது நூலகம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

எங்கள் கோரிக்கை எளியது. சேகரிப்பாளருக்கென எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பதிப்பைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். உடன், எண்ணில்லாத, கையொப்பமில்லாத, மாணவன் அழுக்குக் கையோடு புரட்டக்கூடிய ஒரு பதிப்பையும் கொண்டுவாருங்கள். நூலகங்களுக்குச் சில பிரதிகளை ஒதுக்குங்கள். இவற்றை மறுத்துவிட்டு வெளியிடப்படுவதை நூல் என்று அழைக்க நாங்கள் மறுக்கிறோம்.