வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பாட்டரியுடன் கூடிய சூரிய மின்சாரத்தின் அருமை அப்போதுதான் புரியும்.

நாஞ்சில் நாட்டிலோ வீட்டுக் கூரைகளில் தென்னை நிழல். பலகைகளை வெயில் விழும் இடம் தேடித் தள்ளி வைக்கவேண்டும். நீண்ட கம்பியில் மின்சாரம் வெப்பமாகி வீணாகும். 900 வாட்டை 30 வோல்ட்டில் அனுப்பினால் 30 ஆம்பியர் ஓடும். மூன்று பலகைகளைத் தொடராக இணைத்து 90 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர்தான். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அதே கம்பியில் அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும்!

ஆகவே, உயர் மின்னழுத்தத்தை ஏற்று, பாட்டரிக்கேற்ப இறக்கித் தரும் சார்ஜ் கன்ட்ரோலரே நமக்கு ஏற்றது என்பேன். ஆனால் கவனம்! சுமை இல்லாதபோது இப்பலகைகள் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 114 வோல்ட் தரும்; குளிர்ந்த காலையில் இன்னும் சற்றுக் கூடும். மலிவு என்று 100 வோல்ட் தாங்கும் கருவியை வாங்கினால் அது கெட்டுப்போகும். 150 வோல்ட் தாங்குவதே பாதுகாப்பு.

இந்த நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்கக் கூடியது. கணக்கை நீங்கள் போடுங்கள்; இணைப்பைத் தேர்ந்த மின்பணியாளர் செய்யட்டும்.